மணலுக்கு மேலே தெரிந்த மணிமுடிகள்

1850 மார்ச் கடைசியில், எகிப்தின் தெற்கே உள்ள நூபியாவின் அபு சிம்பெல்லில் எடுக்கப்பட்ட ஒரு படம் உண்டு. மலையைக் குடைந்து செய்த, ஃபாரோ என்று அழைக்கப்படும் எகிப்திய அரசர்களில் ஒருவனான இரண்டாம் ராம்செஸின் பிரம்மாண்டமான சிலை. அதன் கிரீடத்தின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எடுத்தவர் மாக்சிம் து காம் என்ற பிரெஞ்சுக்காரர். கல் எவ்வளவு பெரியது என்று பாரிஸில் இருப்பவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக, போகிற இடமெல்லாம் தன் படகு மாலுமிகளில் ஒருவரைச் சிலையின் மேலோ தூணின் அருகிலோ நிறுத்துவது அவர் வழக்கம். இந்த வேலைக்கு அதிகம் அகப்பட்டவர் ஹாஜி இஸ்மாயில் என்ற நூபிய மாலுமி. படம் பதிகிறவரை ஆள் அசையக்கூடாது. அதற்கு து காம் ஒரு பொய் சொல்லிவைத்தார்: கேமராவில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும். இதை அவரே பின்னால் வேடிக்கையாக எழுதியும் வைத்திருக்கிறார்.

ஃபாரோவின் முடிக்கு மேலே இருக்கத் தகுதி உள்ளவை சூரிய வட்டமும் சிறகு விரித்த தெய்வப் பறவையும்தான். அபு சிம்பெல் சிலைகளின் தலையில் இருப்பது இரட்டை முடி. தெற்கே மேல் எகிப்துக்கு உரிய உயரமான வெள்ளை முடியும், வடக்கே டெல்டாப் பகுதியான கீழ் எகிப்துக்கு உரிய சிவப்பு முடியும் ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டு நாடுகளையும் ஒருவனே ஆள்கிறான் என்று தலையிலேயே எழுதிவைத்த மாதிரி. இதே செய்தியின் மறுபாதி சிலையின் கீழே, சிம்மாசனத்தின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கிறது. நைல் தெய்வங்கள் இரண்டு, தெற்கின் செடியையும் வடக்கின் பாப்பிரஸையும் ஒரு தண்டில் சுற்றி முடிச்சுப் போடுகின்றன. அதற்கும் கீழே கழுத்தில் கயிறு கட்டிய கைதிகளின் வரிசை: வாசலுக்குத் தெற்குப் பக்கம் நூபியர்கள், வடக்குப் பக்கம் ஆசியர்கள். மேலே ஒற்றுமை, நடுவில் முடிச்சு, அடியில் மிதிபடுகிறவர்கள். மொத்தத்தையும் மேலிருந்து கீழ்வரை படித்தால்தான் அந்த அரசியல் புரியும்.

முதல் புகைப்படக்காரர்கள் வந்தபோது அந்தக் கீழ்ப்பகுதி, எத்தனை முறை அள்ளினாலும் மணல் சரிந்து மறுபடி மூடிவிடுகிற இடமாக இருந்தது. 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் வாசலைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் மணலோடு போராட வேண்டியிருந்தது. து காமும் படகு ஆட்களை விட்டு, புதைந்துகிடந்த ஒரு முகத்தை முகவாய் வரை வெளியே எடுக்கவைத்தார். அதனால் ஐரோப்பியர் கைக்குக் காகிதத்தில் முதலில் வந்து சேர்ந்த ஃபாரோக்கள் பெரும்பாலும் தலையும் கிரீடமும்தான். ஆரம்பகால எகிப்துப் புகைப்படங்களை ‘உள்ளது உள்ளபடி’ என்று நினைத்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரச சின்னங்களில் எது படத்தில் விழுந்தது, எது விழவில்லை என்பதைப் பல சமயம் படம் எடுத்தவர் முடிவு செய்யவில்லை. மணல், வெயில் விழும் கோணம், ரசாயனம் ஆகிய மூன்றும் முடிவு செய்தன.

எகிப்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு, புகைப்படம் பொதுவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1839 ஜூலை 3 அன்று வானியலாளர் பிரான்சுவா அராகோ பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பேசினார். டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையை (டாகேரோடைப்) அரசு விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. உறுப்பினர்களை மசியவைக்க அவர் எடுத்துக்காட்டியது எகிப்தை. தீப்ஸ், மெம்ஃபிஸ், கர்னாக் கட்டடங்களில் வெளிச்சுவரில்கூட நிறைந்திருக்கும் லட்சோபலட்சம் சித்திர எழுத்துகளை நகலெடுக்க எத்தனையோ பத்தாண்டுகளும் ஓவியர்களின் ஒரு படையும் வேண்டும், டாகேரோடைப் இருந்தால் ஒரே ஆள் செய்துமுடிப்பார் என்றார். 1798இல் நெப்போலியன் படையோடு போன அறிஞர்களின் நினைவு அந்த அவையில் இன்னும் பசுமையாக இருந்தது. அப்போது இந்த இயந்திரம் கையில் இருந்திருந்தால் என்ற ஏக்கம் அராகோவின் பேச்சில் இழையோடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. சித்திர எழுத்துப் புதிரை அவிழ்த்ததே கையால் வரைந்த நகல்கள்தான். 1822 செப்டம்பரில் பிரெஞ்சு மொழியறிஞர் ஷாம்போலியன் ‘ராம்செஸ்’ என்ற பெயரை வாசித்தது, கட்டடக் கலைஞர் ஹுயோ அபு சிம்பெல்லிலிருந்து வரைந்து கொண்டுவந்த பெயர்வளையங்களை வைத்து. அரசனின் பெயரைச் சுற்றிப் போடும் நீள்வட்டக் கயிற்றைத்தான் பெயர்வளையம் என்கிறேன். சூரியன் சுற்றிவரும் உலகம் முழுவதும் இவனுடையது என்பதற்கான குறி அது. கோயில் சுவரில் ஆயிரம் எழுத்துகளுக்கு நடுவிலும் அரசன் பெயர் எங்கே என்று தேடாமல் கண்டுபிடிக்க முடிவது இந்த வளையத்தால்தான்.

சரி, அராகோ சொன்னபடி நடந்ததா? நடக்கவில்லை, குறைந்தது முதல் பத்து ஆண்டுகளில். ஆகஸ்ட் 19 அன்று செயல்முறை வெளியிடப்பட்டது; நவம்பரிலேயே ஓவியர் ஓராஸ் வெர்னேயும் ஃப்ரெடெரிக் குபில்-ஃபெஸ்கேயும் கேமராவோடு அலெக்சாந்திரியாவில் இறங்கிவிட்டார்கள். நவம்பர் 7 அன்று எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலிக்கு அதைச் செய்துகாட்டினார்கள். எடுத்தது ராஸ் எல்-தீன் அரண்மனையில் அந்தப்புர வாசலை. ஆக, எகிப்தில் கேமரா முதலில் பார்த்ததும் ஓர் அரச வாசல்தான், ஆனால் உயிரோடிருந்த ஆட்சியாளருடையது. பிறகு கிஸாவுக்குப் போய் பெரிய பிரமிடை எடுத்தார்கள். அதே பருவத்தில் கனடாவைச் சேர்ந்த ஜோலி த லோபினியேர் நைலில் தெற்கே ஃபிலே வரைக்கும் போனார்.

டாகேரோடைப் என்பது வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் விழும் ஒற்றைப் படம். நெகட்டிவ் கிடையாது, பிரதி எடுக்க முடியாது. புத்தகத்தில் போடவேண்டுமானால் செதுக்குக் கலைஞர் அதைப் பார்த்துத் திரும்ப வரையவேண்டும். பாரிஸில் லெர்பூர் என்ற பதிப்பாளர் அப்படித்தான் வெளியிட்டார், ஆட்களும் மேகங்களும் சேர்த்து. லோபினியேரின் அசல் தகடுகள் இன்று இல்லை; அவற்றைப் பார்த்து வரைந்தவைதான் மிச்சம். ஓவியர் படையை வேலையிலிருந்து நீக்க வந்த கருவி, கடைசியில் ஓவியர் கையில்தான் போய் நின்றது.

இன்னொரு சிக்கல் இதைவிட சுவாரசியமானது. டாகேரோடைப்பில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி விழும். முன்னால் ஒரு முப்பட்டகமோ கண்ணாடியோ வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் ஒளி குறைந்து நேரம் கூடும். ஒரு மலையையோ மசூதியையோ எடுத்தால் இது பெரிதாக உறுத்தாது. ஃபாரோவின் சுவரில் விவகாரம் வேறு. சித்திர எழுத்தை இடமிருந்தும் எழுதலாம், வலமிருந்தும் எழுதலாம். பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கவேண்டும். புரண்ட படத்திலும் அது இலக்கண சுத்தமான வரியாகவே தெரியும். தப்பு என்று கண்டுபிடிக்க எழுத்துக்குள் தடயமே இருக்காது. அதோடு கோயில் வாசல்களில் தெற்குப் பக்க உருவத்துக்கு வெள்ளை முடியும் வடக்குப் பக்க உருவத்துக்குச் சிவப்பு முடியும் தரும் வழக்கம் பரவலாக இருந்தது. கட்டடமே ஒரு வரைபடம், தெற்கும் வடக்கும் அதில் தங்கள் தங்கள் இடத்தில் நிற்கின்றன. தகட்டில் அந்த நாடு தலைகீழாகிவிடும்: டெல்டா தெற்கே போய்விடும், நூபியா வடக்கே வந்துவிடும்.

காகித நெகட்டிவ் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆங்கிலேயர் டால்பட் கண்டுபிடித்த கலோடைப் என்ற காகித நெகட்டிவ் முறையில் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம், இடவல மாற்றமும் பிரிண்டில் நேராகிவிடும். பாரிஸில் குஸ்தாவ் லெ க்ரே இதை மேம்படுத்திப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர்தான் து காம். எழுத்தாளர் ஃப்ளோபேர் துணையோடு 1849 நவம்பரில் எகிப்து வந்து, இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். 1852இல் அவற்றிலிருந்து 125 படங்கள் புத்தகமாக வந்தன. லீல் நகரில் பிளாங்கார்-எவ்ராரின் அச்சகம் பிரிண்ட் போட்டுக்கொடுத்தது. பிறகு வந்த ஃபெலிக்ஸ் தெனார் என்ற பொறியாளர் 160 படங்கள் கொண்ட தொகுப்பு வெளியிட்டார். தெனாருக்குக் கல் முக்கியம். எந்தத் தூண் எப்படி விரிசல் விட்டிருக்கிறது என்று பார்க்கும் கண் அது. காகிதத்தின் நார் படத்தில் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். நேர்த்தியான கோட்டுக்கு இது கெடுதல், மணற்கல்லுக்கு ஒருவிதத்தில் பொருத்தம்.

இந்தப் படங்களில் மணலின் வேலையைப் பார்க்கலாம். லக்சர் கோயில் முகப்பில் ராம்செஸின் அமர்ந்த சிலைகள் மார்பளவுக்குப் புதைந்து, சுற்றிலும் மண் வீடுகள். சிம்மாசனமே கண்ணில் படாது. வாசலில் இரண்டு கூர்நுனித் தூண்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. ஜோடி 1836லேயே பாரிஸின் கன்கார்ட் சதுக்கத்துக்குப் போய்விட்டது. சூரியக் கதிரைக் கல்லில் நிறுத்தியதுபோல் அரசன் எழுப்பிய இந்தத் தூண்கள் வழக்கமாக இரட்டையாகத்தான் நிற்கும். அந்தச் சமநிலை கலைந்த பிறகே கேமரா லக்சருக்கு வந்தது. அலெக்சாந்திரியாவில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். மூன்றாம் துத்மோஸ் எழுப்பிய ஜோடியில் ஒன்று நின்றபடியும் ஒன்று விழுந்தபடியும் இருந்த கோலம் படங்களில் கிடைத்திருக்கிறது. விழுந்தது 1878இல் லண்டனிலும், நின்றது 1881இல் நியூயார்க்கிலும் நிறுவப்பட்டன.

இதற்கு நேர் எதிர் மெம்னான் சிலைகள் என்று பெயர்பெற்ற மூன்றாம் அமென்ஹோடெப்பின் இரண்டு சிலைகள். சுமார் 18 மீட்டர் உயரம், தீப்ஸின் மேற்குக் கரையில் வயல்வெளி நடுவே உட்கார்ந்திருப்பவை. அங்கே வருடாவருடம் வெள்ளம் வந்ததே தவிர மணல் மலைபோல் குவியவில்லை. சிம்மாசனத்தின் பக்கத்தில் நைல் தெய்வங்கள் செடிகளை முடிச்சுப் போடும் காட்சி வெட்ட வெளியில் தெரியும். முகம்தான் போய்விட்டது, சிதைந்த கல்லில் மூக்கு, வாய் எதுவும் அடையாளம் தெரியாது. ஒரு தொகுப்பின் பக்கங்களைப் புரட்டினால் அபு சிம்பெல்லில் தலை இருக்கும், பீடம் இல்லை. மெம்னானில் பீடம் இருக்கும், தலை இல்லை. முழு ஃபாரோவை வாசகரே மனத்தில் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அபு சிம்பெல் முகப்பில் மணலுக்கு எட்டாத ஒரு சின்னம் உண்டு. ஆரம்பகாலப் படங்கள் எல்லாவற்றிலும் அது இருந்தும், பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோவது. வாசலுக்கு மேலே ஒரு மாடம். அதில் வல்லூறு முகமும் தலையில் சூரிய வட்டமுமாக ரா-ஹொராக்தி என்ற சூரியக் கடவுள் நிற்கிறார். ஒரு கைப்பக்கம் ‘உசர்’ என்ற ஓசை தரும் தண்டம், மறு கைப்பக்கம் மாஅத் என்ற தருமத்தின் தேவதை. தண்டம், தேவதை, சூரியன் மூன்றையும் சேர்த்து வாசித்தால் உசர்-மாஅத்-ரா. இரண்டாம் ராம்செஸின் ஆட்சிப் பெயரே அதுதான். மாடத்தின் இருபுறமும் ராம்செஸ் நின்று அந்த உருவத்தை வணங்குகிறான். கடவுளைக் கும்பிடுகிறானா, தன் பெயரைக் கும்பிடுகிறானா என்று பிரிக்கவே முடியாது. இந்தத் துணிச்சலுக்கு முன்னால் கீழே இருக்கும் நான்கு சிலைகளும் அடக்கமானவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது வெயில். எகிப்தியச் சிற்பிகள் கோயிலின் உள்சுவர்களில் பெரும்பாலும் புடைப்பாகச் செதுக்கினார்கள். வெளிச்சுவர்களில் உருவத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டி, உருவத்தைக் கல்லுக்குள்ளேயே அமிழ்த்தினார்கள். கொளுத்தும் வெயிலில் மெல்லிய புடைப்பு கரைந்துபோகும்; வெட்டிய ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் தூரத்திலிருந்தே உருவம் தெரியும். இந்தக் கணக்கு கேமராவுக்கும் அப்படியே பொருந்தியது. சூரியன் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் எடுத்தால் அரசனின் வில், தேர், கீழே விழுந்த எதிரிகள் எல்லாம் எழுந்துவரும். நேராக அடிக்கும் வெயிலில் அதே சுவர் மொட்டைச் சுவர். ஐரோப்பியர்கள் எகிப்துக்கு வந்தது குளிர்காலத்தில். அப்போது சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்தே போகும். கர்னாக்கின் பெரிய தூண் மண்டபத்தின் வடக்கு வெளிச்சுவரில் முதலாம் சேத்தியின் போர்க்காட்சிகள் இருக்கின்றன, தெற்கு வெளிச்சுவரில் அவன் மகன் ராம்செஸின் போர்கள். குளிர்காலப் பயணி மகனை வெயிலில் பார்ப்பார், அப்பாவை நிழலில்தான் பார்க்க முடியும். வேலைப்பாட்டில் அப்பாவின் சுவர்தான் மேலானது என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

இந்த வெளிச்சக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜான் பீஸ்லி கிரீன். பிரான்சில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர், லெ க்ரேயின் மாணவர். 1853 முதல் எகிப்துக்கு வந்தவர், 1856இல் 24 வயதிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் காட்சியைத் தேடியபோது இவர் எழுத்தைத் தேடினார். படம் எடுப்பதோடு நிற்காமல் அனுமதி வாங்கி மெதினத் ஹாபுவில் அகழாய்வும் செய்தார். மூன்றாம் ராம்செஸின் கோயில் அது. அங்குள்ள விழா நாட்காட்டிக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக, ஒன்றையடுத்து ஒன்றாகப் படம் எடுத்தார். அராகோ ஆசைப்பட்டது இதைத்தான். பதினைந்து வருடம் கழித்து ஒரு இளைஞர் சின்ன அளவில் நிறைவேற்றினார்.

கிரீனுக்கு வாய்த்த இடமும் அப்படி. முந்தைய அரசர்களின் பெயர்களைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது ஃபாரோக்களிடையே சர்வ சாதாரணம். இரண்டாம் ராம்செஸ் இதில் பெரிய கை. மூன்றாம் ராம்செஸ் தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது. மெதினத் ஹாபுவில் அவன் பெயர்வளையங்கள் அசாதாரண ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன, சில இடங்களில் கையையே உள்ளே விடலாம். யாராலும் அழிக்க முடியாத ஆழம் என்றால் எந்த வெயிலிலும் நிழல் தங்கும் ஆழம் என்றும் அர்த்தம். மூவாயிரம் வருடம் கழித்து வந்த சொரசொரப்பான காகித நெகட்டிவில் அவன் பெயர் பளிச்சென்று விழுந்ததற்கு அவனுடைய அவநம்பிக்கையும் ஒரு காரணம்.

கிரீனின் பரந்தவெளிப் படங்களில் பாதிக்கு மேல் வெறும் வானமும் மணலுமாக இருக்கும், நடுவில் கோடுபோல் ஓர் இடிபாடு. அரச கம்பீரத்தை இவ்வளவு சின்னதாகக் காட்டிய வேறொருவர் அந்தத் தலைமுறையில் இல்லை. ஆனால் பேரும் பணமும் கிடைத்தது பிரான்சிஸ் ஃப்ரித்துக்கு. 1856க்கும் 1860க்கும் இடையில் மூன்று முறை வந்த இந்த ஆங்கிலேயர் கையாண்டது கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்கவேண்டும். கண்ணாடி என்பதால் கல்லின் ஒவ்வொரு கீறலும் விழும். அவர் கொண்டுபோன மிகப் பெரிய தகடுகள் 16க்கு 20 அங்குலம். கூடாரத்துக்குள் சூட்டில் கொலோடியன் ஊற்றும்போதே கொதித்ததாக எழுதியிருக்கிறார். இருட்டறையாகப் பயன்பட்ட அவருடைய மூடுவண்டியில் மனைவிமார்களை ஒளித்துவைத்திருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் நம்பினார்களாம். து காம் பீரங்கி என்று பொய் சொன்னதற்கு நைல் கரை வேறு ஒரு வெள்ளைக்காரரிடம் பழி தீர்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரித்தின் படங்கள் அழகானவை, தெளிவானவை. இடிபாடுகளின் அழகில் அவருக்கு மயக்கமும் உண்டு. ஃபிலே தீவில் ‘ஃபாரோவின் படுக்கை’ என்று பயணிகள் அழைத்த மண்டபத்தை விரும்பி எடுத்தார். அந்தப் பெயர் முழுத் தப்பு. அந்த மண்டபத்தோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ரோமானியப் பேரரசர் டிராஜனுடையது. அதன் சுவரில் டிராஜன் எகிப்திய உடையில் தெய்வங்களுக்குப் படையல் வைக்கிறார். எட்ஃபூவில் இதைவிட வெளிப்படை: 36 மீட்டர் உயர முகப்புக் கோபுரத்தில் ஃபாரோ எதிரிகளின் கூந்தலை ஒரு கையில் கொத்தாகப் பிடித்து, மறு கையில் கதாயுதத்தை ஓங்கி நிற்கிறான். கி.மு. 3100 வாக்கில் எகிப்தின் ஆரம்பகால அரசன் நார்மர் தன் கற்பலகையில் செதுக்கிய அதே கோலம். எட்ஃபூவில் நிற்பவனோ பன்னிரண்டாம் தாலமி, கிரேக்க-மாசிடோனிய வம்சத்தவன். யார் வந்து ஆண்டாலும் எகிப்தில் அரசனாகத் தெரியவேண்டுமானால் இந்த உடையைப் போட்டு இந்தக் கையை ஓங்கியாகவேண்டும். படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோதுதான் இந்த மாறாத தன்மை சாதாரண வாசகருக்கும் கண்ணில் பட்டது. 1850களின் எட்ஃபூ படங்களில் கோயிலின் உள்பகுதி தூண்தலை வரை மண்ணில் மூழ்கிக் கிடக்கிறது, கூரை மேல் வீடுகள்கூட இருந்தன. 1860இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாரியெத் மண்ணை அகற்றத் தொடங்கிய பிறகே தரை தெரிந்தது.

மூன்றாவது தடை நிறம். அன்றைய ரசாயனங்களுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பாக விழும், வானம் வெளுத்துப்போகும். 1873இல் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ரசாயனத்தோடு சாயம் சேர்த்துப் பார்க்கும்வரை இதுதான் நிலை. வர்ணம் பூசிய சுவரில் சிவப்பு முடி கறுக்கும், நீல நிறப் போர்முடி வெளுக்கும். வெள்ளை முடி உயரமான குமிழ்போல், சிவப்பு முடி பின்னால் நிமிர்ந்து முன்னால் சுருள் நீட்டியபடி இருப்பதால், வடிவத்தைப் பார்த்தாவது பிரித்தறிய முடிந்தது. நிறத்தையே நம்பிய இடங்களில் கேமரா கைவிட்டது. ஃபிலேயின் தூண்தலைகளில் அப்போதும் பச்சையும் நீலமும் இருந்தன. 1902இல் அஸ்வான் அணை வந்து, கோயில் வருடத்தில் பல மாதம் நீரில் நின்றதும் அவை கரைந்துபோயின. அந்த நிறங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க 1838இல் அங்கே உட்கார்ந்து வரைந்த டேவிட் ராபர்ட்ஸ் போன்ற ஓவியர்களிடம்தான் போகவேண்டும். அதற்குப் பின் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் உதவாது.

கல்லறைகளுக்குள் போனால் நிறத்துக்கு முன்னால் இருட்டு நின்றது. 1865இல் வானியலாளர் சார்ல்ஸ் பியாஸி ஸ்மித் மெக்னீசியம் கம்பியைக் கொளுத்தி, தீப்பெட்டி அளவுத் தகடுகளில் பெரிய பிரமிடின் உள்ளே படம் எடுத்தார். அரசன் அறையில் அவர் படமெடுத்த கல் தொட்டியில் ஒரு எழுத்தோ சின்னமோ கிடையாது. இந்தப் பிரமிடைக் கட்டிய குஃபுவின் காலத்தில் பிரமிடுக்குள் அரசனைப் புகழ்ந்து எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. சேத்தியின் கல்லறை மாதிரி வர்ணம் நிறைந்த இடங்கள் ஒழுங்காகப் பதிவானது 1920களில், ஹாரி பர்ட்டன் என்ற புகைப்படக்காரர் வந்த பிறகு.

மணலையும் வெயிலையும் தாண்ட ஒரு வழி, சிலையை இடம்மாற்றுவது. மாரியெத் 1860இல் கிஸாவில் காஃப்ரா என்ற ஃபாரோவின் பள்ளத்தாக்குக் கோயிலில் கண்டெடுத்த அவன் சிலை கெய்ரோவில் பூலாக் அருங்காட்சியகத்துக்குப் போனது. அரசன் அமர்ந்திருக்கிறான், தலைக்குப் பின்னால் ஹோரஸ் வல்லூறு சிறகால் தலைத்துணியை அணைத்துக்கொண்டிருக்கிறது, சிம்மாசனப் பக்கத்தில் அதே செடிகளின் முடிச்சு. நேர் எதிரே நின்றால் வல்லூறு தெரியவே தெரியாது. எதிரே நிற்பவனுக்கு அரசனாக மட்டும் தோன்றி, பக்கவாட்டில் வந்தவனுக்குத் தெய்வம் துணை நிற்பதைக் காட்டும் சிலை. கேமரா இதைச் சுற்றிவர முடிந்தது அருங்காட்சியகத்தில்தான். பூலாக் சேகரத்தை தெலியே, பெஷார் என்ற இரு புகைப்படக்காரர்கள் எடுத்த தொகுப்பு 1872இல் வெளிவந்தது.

அதற்குள் தொழில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கத் தொடங்கிவிட்டது. லக்சரில் கடைபோட்ட அந்தோனியோ பெயாத்தோ, கெய்ரோவில் சேபா, போர்ட் சையதில் ஸங்காக்கி சகோதரர்கள் என்று பலர். பெயாத்தோ 1864இல் எடுத்த ஒரு படம் இன்றும் அடிக்கடி கண்ணில் படும். யோகோஹாமா துறைமுகத்தை மூடுவது பற்றிப் பேச ஐரோப்பா போய்க்கொண்டிருந்த இகெதா நாகாவோகியின் ஜப்பானியத் தூதுக்குழு, வாளும் தொப்பியுமாக, சிங்க உடலும் அரசன் தலையும் கொண்ட கிஸாவின் ஸ்பிங்ஸ் சிலை முன்னால் நிற்கிறது. ஒரு ஆட்சியாளரின் பிரதிநிதிகள் இன்னொரு ஆட்சியாளரின் முகத்துக்குக் கீழே. ஸ்பிங்ஸ் தோளளவு மணலில் கிடக்கிறது. அரசனுக்கே உரிய நேமெஸ் தலைத்துணியின் கோடுகள் தெரிகின்றன; நெற்றியில் படமெடுத்து எதிரிகள் மேல் தீ உமிழவேண்டிய நாகமும், முகவாயில் இருந்த தாடியும் இல்லை. தாடியின் ஒரு துண்டை 1817இல் கவிக்லியா என்ற இத்தாலியர் மணலுக்கடியில் எடுத்துவிட்டார், அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இன்று ஸ்பிங்ஸைப் பராமரிப்பவர்களுக்கு இத்தகைய படங்கள் வேலைக்காகின்றன. 1925 முதல் 1936 வரை எமீல் பராயேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மணலை முழுவதும் அகற்றினார். அரித்துப்போன கழுத்தில் தலை நிற்காது என்று பயந்து, தலைத்துணியின் தொங்கும் ஓரங்களுக்குக் கீழே சிமென்ட் தாங்கல் வைத்தார். பார்ப்பவருக்கு அது பழைய கல் மாதிரியே தோன்றும். தலைத்துணி எந்த இடத்தில் உண்மையில் முடிந்திருந்தது, கழுத்து எவ்வளவு தேய்ந்திருந்தது என்று தெரியவேண்டுமானால் து காமிலிருந்து பெயாத்தோ வரை 1925க்கு முன்னால் எடுத்தவர்களின் படங்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.